பாவு சுற்றி எடுக்கும் வரை

1

இந்தக் கதை என்னிடம் இரண்டு குரல்களாக வந்தது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று ஆண் குரல். எழுபதுகளில் ஒரு மாசி மாதம், அருப்புக்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் என் மாமியாருக்குத் துணையாக இருந்தேன். பெண்கள் பக்கத்துக்கும் ஆண்கள் பக்கத்துக்கும் நடுவே ஒரு தட்டி. தட்டிக்கு அந்தப் புறம் படுத்திருந்தவர் யாரிடமோ சொன்னார்:

"அவ பாவு நீட்டிருக்கா. சுத்தி எடுக்கட்டும். அதுவரைக்கும் சொல்லாதீக."

அவ்வளவுதான். ஆளை நான் பார்க்கவில்லை. மறுநாள் அந்தக் கட்டிலில் வேறு யாரோ இருமினார்கள்.

இன்னொன்று பெண் குரல். பல வருஷம் கழித்து, சென்னைக்குப் போகும் ரயிலில், எதிர் இருக்கையில். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். "என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்டேன். கம்ப்யூட்டரில் மற்ற எல்லா நிரல்களுக்கும் அடியில் ஒரு நிரல் உட்கார்ந்திருக்குமாம். கெர்னல் என்பார்களாம். அதில் டிஸ்க்கோடு பேசுகிற பகுதியை எழுதினாராம்.

"அது என்ன பேசும்?"

"பெரிய பேச்சு ஒண்ணும் இல்லைங்க. எழுதச் சொன்னா, எழுதியாச்சுன்னு சொல்லிடுவோம். எழுதியிருக்க மாட்டோம்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. மதுரை வந்துவிட்டது, நான் இறங்கிவிட்டேன்.

இந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். தட்டிக்கு அப்பால் இருந்தவரின் 'அவள்' அநேகமாக அவர் மனைவி. நீட்டியிருந்தது தறிக்குப் போகிற நிஜமான நூல் பாவாகத்தான் இருக்கும். ரயில் பெண்மணிக்கு அப்பா இருந்தாரா, எந்த ஊர், எனக்குத் தெரியாது. என் காதுதான் இரண்டையும் ஒட்டவைத்தது. எனக்குக் கதை காட்சியாக வராது, பேச்சாகத்தான் வரும். அவர் ஒரு வாக்கியம் சொன்னார், இவர் பதில் சொன்னார் என்று கேட்டுவிட்டது. கேட்ட பிறகு அவர்கள் அப்பாவும் மகளும் ஆகிவிட்டார்கள்.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

சென்னையில் அந்தக் கட்டடத்திலேயே ஓர் அறைக்குத்தான் குளிர்சாதனம் இருந்தது. கோகிலாம்பாள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, சேலைத் தலைப்பைத் தோளோடு போர்த்திக்கொண்டு, உள்ளே ஆள் உயரப் பெட்டிகளின் நடுவே—

நிறுத்திவிட்டேன். பெட்டி, பெட்டி, பெட்டி. ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இரண்டாவது:

அந்த வருஷமும் மழை பொய்த்துவிட்டது. திருச்சுழிச் சாலையில் கருவேலம்கூட—

இந்தப் பக்கத்து வாசகர் ஒருவர் "எந்த வருஷம்மா பெஞ்சது?" என்று கேட்பது என் காதில் விழுந்தது. அடித்துவிட்டேன்.

மூன்றாவது தொடக்கத்தில் ஒருவர் பேசினார். அதனால் அது நின்றது.

3

"அது என்ன தாயி உன் மிசினு? துணி நெய்யுமா?"

கேட்டவர் சௌடப்பன். அருப்புக்கோட்டையில் பாவடிக்குப் பக்கத்துத் தெருவில் தறி வைத்திருப்பவர். குழித்தறியில் இடுப்பு வரை இறங்கி உட்கார்ந்திருக்கிறார். மனைவி இல்லை. இரண்டு பெண்கள். மூத்தவள் கோகிலாம்பாள் மதுரையில் கணிதம் படித்துவிட்டு, சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் மையத்தில் வேலைக்குச் சேர்ந்தவள், பொங்கலுக்கு வந்திருக்கிறாள். இளையவள் தங்கம்மாள் வீட்டோடு இருந்து, தறிக்கு நூல் சுற்றிக் கொடுக்கிறாள். சௌடப்பனின் அக்கா பஞ்சம்மாள் அடுத்த வீடு. ஆனால் எப்போதும் இந்த வீட்டில்தான்.*

"நெய்யாதுப்பா. கணக்குப் போடும். போட்டதை எழுதி வச்சுக்கும்."

"எதுல?"

"தட்டுல. காந்தம் பூசின தட்டு. கிராமபோன் தட்டு மாதிரி சுத்திக்கிட்டே இருக்கும். ஒரு கை உள்ளயும் வெளியயும் போயிப் போயி எழுதும், படிக்கும்."

"நீ தட்டு செய்றியா?"

"இல்லப்பா. எவன் எதைக் கேட்டாலும் நேராத் தட்டுகிட்டப் போக முடியாது. நடுவுல ஒரு ஆளு இருக்கணும். அந்த ஆளைத்தான் நான் எழுதுறேன்."

"ரேஷன் கடைக்காரின்னு சொல்லு," என்றாள் தங்கம்மாள்.

"ஆமாடி. ரேஷன் கடையேதான். அதுலயும் ஒரு எழுத்து வேணும்னா ஒரு எழுத்தா எடுத்துக் குடுக்க முடியாது. ஐநூத்திப் பன்னெண்டு எழுத்து சேர்ந்து ஒரு பிளாக்கு. முழு பிளாக்கையும் கொண்டாந்து இறக்கி, ஒரு எழுத்த மாத்தி, முழுசாத் திருப்பி வைக்கணும்."

"ஒரு கிராம்புக்கு மூட்டையே இறக்குவாளாம்," என்றாள் பஞ்சம்மாள். "இதுக்கா மதுரையில போயிப் படிச்ச?"

கோகிலாம்பாள் சிரித்தாள். அவளுக்கு அத்தையின் கேலி பிடிக்கும். "கேளுங்க அத்தை. நாலு பேரு ஒரே நேரத்துல நிக்கிறான். ஒருத்தனுக்கு வேண்டியது தட்டோட ஓரத்துல இருக்கு, ஒருத்தனுக்கு நடுவுல. வந்த வரிசையிலயே குடுத்தா கை இங்கயும் அங்கயும் அலைஞ்சே சாகும். அதனால பஸ்ஸு மாதிரி விடுறேன். மதுரையில ஏறினா காரியாபட்டி, அருப்புக்கோட்டை, பந்தல்குடின்னு ஒரே போக்கு. முதல்ல ஏறினவன்னாலும் தூரத்து ஊருக்காரன் பெறகுதான் இறங்குவான்."

"அதுவரைக்கும் அவன் என்ன செய்வான்?" சௌடப்பன் கேட்டார்.

"தூங்கப் போட்டுருவேன். கை வேலை முடிச்சு வந்து தட்டி எழுப்பும்."

"எழுத வந்தவனுக்கும் அதே கதியா?"

"அவனைத் தூங்கப் போடுறதில்லப்பா. அவன் குடுத்ததை வாங்கிப் பக்கத்துல வச்சுக்கிட்டு, ஆச்சு, நீ போன்னு அனுப்பிருவேன். பெறகு கை அந்தப் பக்கம் போறப்ப எழுதிக்கலாம்."

தறி நின்றது.

"ஆகாததை ஆச்சுன்னா சொல்லுவ?"

"பொய்யில்லப்பா. நடுவுல எவனாச்சும் கேட்டா, வச்சிருக்கறதையே எடுத்துக் காட்டுவேன். வித்தியாசம் தெரியாது."

"கரண்டு போனா?" என்றாள் பஞ்சம்மாள்.

"அதைத்தான் அத்தை இப்ப உக்காந்து எழுதிக்கிட்டு இருக்கேன். போனா எது போகலாம், எது போகக்கூடாதுன்னு. பங்குனிக்குள்ள முடிக்கணும்." அப்பா பக்கம் திரும்பிச் சொன்னாள்: "பாவடியில பாவு நீட்டிக் கஞ்சி போட்ட மாதிரி நிக்கிதுப்பா. நடுவுல கைய எடுத்தா எல்லாம் ஒட்டிக்கும். சுத்தி எடுக்கிற வரைக்கும் எதுக்கும் என்னையக் கூப்பிடாதீக, ஆமா!"

விளையாட்டாகத்தான் சொன்னாள். சௌடப்பன் விளையாட்டாகக் கேட்டுக்கொள்ளவில்லை. அவருக்கு மகளின் வேலையில் புரிந்த முதல் வாக்கியம் அது. தலையை ஆட்டினார். தறி மறுபடி ஓடியது.

* இவர்கள் வீட்டில் பேசுவது கன்னடம். நான் கடைக்காரர் வீட்டுப் பெண், எனக்கு அது காதில் விழும், கையில் வராது. அதனால் எல்லோரும் என் தமிழிலேயே பேசுகிறார்கள். அவர்கள் மன்னிக்க வேண்டும்.

4

இந்த இடத்தில் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். தெரியாதவர்களுக்குக் கதை நகராது.

நெய்வதற்கு முன்னால் நூல் இழைகளை நீளமாகப் பாவடியில், அதாவது அதற்கென்றே விட்ட வெளியில், கட்டி நீட்டுவார்கள். அதுதான் பாவு. அதன் மேல் கஞ்சி பூசி, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று பெரிய பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டே போக வேண்டும். கஞ்சி காய்வதற்குள் தேய்த்து, இழை பிரித்து, சுற்றி எடுத்துவிட வேண்டும். நடுவில் விட்டால் இழையோடு இழை ஒட்டி, அத்தனை நூலும் குப்பை. இப்படி இருக்கும்போது அங்கே நிற்கிற ஒருவர் வீட்டில் சாவு விழுந்தால்? தெரிந்துவிட்டால் தீட்டு, கையை எடுத்தாக வேண்டும். அதனால் இந்தத் தெருவில் ஒரு முறை வைத்திருந்தார்கள். (இந்தத் தெரு நான் கட்டியது. மற்றத் தெருக்களில் போய்த் தேடாதீர்கள்.) சேதி கொண்டுவந்த ஆள் பாவடிக்குள் கால் வைக்க மாட்டான். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓரத்தில் வந்து நிற்பான். யாரும் அவனிடம் பேசக்கூடாது. அவனும் யாரையும் பார்க்கக்கூடாது. பாவைச் சுற்றி எடுத்த பிறகு ஒருவர் போய், "யாருக்கு?" என்று கேட்பார்.

மாசியில் சௌடப்பனுக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தங்கம்மாள் தந்தி அடிக்கக் கிளம்பினாள். அப்போதுதான் அவர் அந்த வாக்கியத்தைச் சொன்னார். நான் தட்டிக்கு இந்தப் பக்கம் கேட்டேனே, அது.

மறுநாள் விடியும்போது அவர் இல்லை.

"இப்பவாச்சும் தந்தி அடிக்கணும் அத்தை."

"உங்கப்பன் என்ன சொன்னான்?"

"அது உசுரோட இருக்கப்பச் சொன்னது."

"செத்துட்டான்னா மட்டும் அவன் சொன்னதை மாத்தலாமா?"

"அத்தை, பாவுங்கிறது ஒரு காலைப்பொழுது. அவ பாவு பங்குனி வரைக்கும் நிக்கும். அதுவரைக்கும் அப்பாவ இங்கயே வச்சிருக்க முடியுமா?"

"முடியாது."

"அவ முகத்தப் பாக்க வேண்டாமா?"

"அவ பாவு பெருசு, தங்கம். அவதான சொன்னா, கூப்பிடாதீகன்னு. நீயும்தான் கேட்ட."

பங்காளி மகன் ஒருவன் கொள்ளி வைத்தான். சாயங்காலத்துக்குள் எடுத்துவிட்டார்கள். தெரு முழுவதும் ஒரே பேச்சு: கோகிலாவுக்குச் சொல்லக்கூடாது. யாரும் உத்தரவு போடவில்லை. பாவடி ஓரத்தில் ஆள் நின்றால் யாரும் நிமிர மாட்டார்கள் அல்லவா, அதே மாதிரிதான்.

5

இங்கே எனக்குப் பஞ்சம்மாளின் மேல் நம்பிக்கை போய்விட்டது.

முதல் படியில் அவளைக் கொடுமைக்காரியாக எழுதியிருந்தேன். படித்த பெண்ணின் மேல் பொறாமை, தம்பி வீட்டில் தன் கை ஓங்க வேண்டும் என்கிற ஆசை. சுலபமாக இருந்தது. சுலபமாக இருந்ததால் சந்தேகம் வந்தது. எழுதுவதை நிறுத்திவிட்டு அவளையே கேட்டேன்.

"ஏங்க்கா இப்பிடிச் செஞ்சீக?"

"நீ யாரு கேக்குறதுக்கு?"

"எழுதுறவ."

"எழுதுறவளா? என் மூஞ்சிய ஒரு தடவையாச்சும் நேராப் பாத்தியா? மூக்குத்தி மட்டும் எழுதியிருக்க. அதுவும் நான் போடுறதே இல்ல."

அடித்துவிட்டேன். மூக்குத்தியை.

"எனக்கு வந்ததைத்தான் அவளுக்குக் குடுத்தேன்," என்றாள் பிறகு. "எங்க வீட்டுக்காரரு பந்தல்குடிக்கு நூல் லோடு ஏத்தப் போனவரு. ரோட்டுல லாரி அடிச்சிருச்சு. நான் பாவடியில நிக்கேன். கஞ்சி போட்டாச்சு. ஆளு வந்து ஓரத்துல நின்னான். எல்லாரும் பாத்துட்டோம். ஒருத்தி நிமிரல. எனக்கு எதுத்தாப்புல பெத்தம்மா பிரஷ் பிடிச்சிருந்தா. அவ மாமனாரு படுக்கையில கெடந்தாரு. ஐயோ பாவம், இவளுக்குத்தான்னு நான் அவளைப் பாக்கேன். அவ என்னையப் பாக்கா."

"பிறகு?"

"பெறகென்ன. சுத்தி எடுத்தோம். நான்தான் கையத் தொடச்சுட்டுப் போயி, யாருக்குப்பான்னு கேட்டேன்."

நான் எழுதவில்லை. அவளே தொடர்ந்தாள்.

"அந்தப் பாவு நேரம் முச்சூடும் எனக்குப் புருஷன் இருந்தாரு. செத்துக் கெடந்தாரு, சரி. ஆனா எனக்கு இருந்தாரு. மத்தியானம் என்ன கொழம்பு வைக்கலாம்னு நினைச்சுக்கிட்டே தேச்சேன். அதுக்கப்புறம் அந்த மாதிரி ஒரு காலை எனக்கு வரல. கோகிலாவுக்கு அப்பன் இன்னும் பத்து நாள் இருக்கட்டுமே. உனக்கென்ன நட்டம்?"

"நீங்க போயி அவர் முகத்தைப் பாத்தீகள்ல?"

"பாத்தேன்."

"அவ பாக்கலியேக்கா."

இதற்கு ஏதாவது ஒரு பதிலை நான் பஞ்சம்மாள் வாயில் வைத்திருக்கலாம். வைத்துப் பார்த்தேன், துப்பிவிட்டாள்.

6

சென்னையில் கோகிலாம்பாளுக்கு அப்பா இருந்தார்.

அவளோடு வேலை பார்த்தவன் சுப்புராஜ், மல்லாங்கிணற்றுக்காரன். மற்றவர்கள் முன்னால் இருவரும் ஆங்கிலம் பேசுவார்கள். அறையில் ஆளில்லாவிட்டால் ஊர்ப்பேச்சு. அன்றைக்கு அவர்கள் செய்தது, வேண்டுமென்றே மின்சாரத்தை நிறுத்திப் பார்ப்பது. ஒரு நிரலை விட்டு, புதிதாக ஒரு கோப்பை எழுதச் சொல்வார்கள். கம்ப்யூட்டர் பெட்டிகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே சுப்புராஜ் பெரிய சுவிட்சை இறக்கிவிடுவான். பிறகு மறுபடி ஏற்றி, தட்டில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று பார்ப்பார்கள்.

"இறக்கவா?"

"இரு. ஆச்சுன்னு சொல்லட்டும்."

"சொல்லிருச்சு."

"இறக்கு."

அறையின் இரைச்சல் செத்துப்போயிற்று. தட்டு தானாகச் சுற்றித் தளர்கிற சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

மறுபடி ஏற்றியதும் கோகிலாம்பாள் பார்த்தாள். கோப்பின் பெயர் தட்டில் ஏறியிருந்தது. பெயர் காட்டுகிற இடத்தில் போய்ப் பார்த்தால், எப்போதோ அழித்துவிட்ட யாருடையதோ பழைய எழுத்துகள் இருந்தன. எழுதச் சொன்ன உள்ளடக்கம் எங்கேயும் இல்லை.

"பேரு இருக்கு, ஆளு இல்ல," என்றான் சுப்புராஜ். "பேய் வேலை."

"பேய் இல்லலே. பஸ்ஸு." அவளுக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "ஏறுன வரிசை வேற, இறங்குன வரிசை வேற. உள்ளடக்கம்தான் முதல்ல வந்துச்சு. ஆனா அதோட எடம் தூரம். பேரு பிளாக்கு பக்கத்துல இருந்துச்சு, கை போற வழியில எழுதிட்டுப் போயிருச்சு. தூரத்துத இன்னும் எழுதாம வச்சிருக்கப்பவே நீ சுவிட்ச இறக்கிட்ட. தட்டு அதுக்குத் தெரிஞ்சதை நம்புது. அது மேல தப்பில்ல."

"அப்ப எல்லாத்தையும் வந்த ஒடனே எழுது. ஆச்சுன்னு முன்னாலயே சொல்லாத."

"எழுதலாம். மாட்டுவண்டி ஆயிரும். பணம் குடுக்கிற டெல்லிக்காரங்க பாக்க வரப்ப உன் சட்டையைத்தான் கழட்டுவாங்க."

"பின்ன?"

"எல்லாத்துக்கும் வேண்டாம். சிலதுக்கு மட்டும். உள்ளடக்கம் போய்ச் சேர்ந்து, தட்டு என்னையத் தட்டி எழுப்பி, சேர்ந்துருச்சுன்னு சொன்ன பெறகுதான் பேர எழுதுவேன். அதுவரைக்கும் கேட்டவன் காத்துக்கிட்டுக் கெடக்கட்டும். மத்ததெல்லாம் பழையபடி."

"எது காத்திருக்கணும், எது வேண்டாம்னு யாரும்மா முடிவு பண்றது?"

"நான்தான். வேற யாரு?"

(இந்த இடத்தில் எனக்கு ஒரு வாக்கியம் வந்தது. நல்ல வாக்கியம். அருப்புக்கோட்டையையும் சென்னையையும் ஒரே முடிச்சில் கட்டியது. அடித்துவிட்டேன். அந்த முடிச்சு அவள் தலையில் விழ வேண்டாம், அவள் சந்தோஷமாக இருக்கிறாள்.)

தப்பைக் கண்டுபிடித்த சந்தோஷத்தை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல கோகிலாம்பாளுக்கு இருந்தது. தபால் நிலையத்துக்குப் போய் ஊருக்கு டிரங்க் கால் போட்டாள். தெருமுனை நூல் கடையில்தான் போன். கடைக்காரர் தங்கம்மாளைக் கூப்பிட்டுக் கொடுத்தார். கடையில் நின்ற அத்தனை பேரும் பேச்சை நிறுத்தியிருப்பார்கள். அது கோகிலாம்பாளுக்குத் தெரிய வழியில்லை.

"தங்கம்! அப்பாவக் கூப்பிடு."

"...அப்பா இங்கன இல்லக்கா."

"பாவடிக்குப் போயிருக்காகளா? சரி, நீயே சொல்லு. தப்பு எங்கன்னு கண்டுபிடிச்சுட்டேன். வரிசைதான் தப்பு. சொன்னாப் புரிஞ்சுக்குவாக."

"அப்ப முடிஞ்சிருச்சாக்கா?"

தங்கம்மாள் இந்தக் கேள்வியை எப்படிக் கேட்டாள் என்பதை எழுத எனக்குத் தெரியவில்லை. ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அக்கா ஆமாம் என்று சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே உண்மையைச் சொல்லியிருப்பாள். கடைக்காரரையும் அத்தையையும் யாரையும் பார்த்திருக்க மாட்டாள்.

"எங்கடி முடிஞ்சது? இனிமேத்தான் மாத்தி எழுதணும். கண்டுபிடிச்சுட்டேன், அவ்வளவுதான்."

"..."

"ஹலோ? தங்கம்?"

"இருக்கேன்."

"ஏன் தொண்டை ஒரு மாதிரி இருக்கு? சளியா?"

"ஆமாக்கா."

"வெந்நி குடி. அப்பாட்டச் சொல்லிரு."

"முடிச்சுட்டு வாக்கா," என்றாள் தங்கம்மாள். "சீக்கிரம் முடிச்சுட்டு வா."

7

முடிவு எழுத உட்கார்ந்தேன். மூன்று எழுதினேன்.

ஒன்றில் தங்கம்மாள் போனிலேயே சொல்லிவிடுகிறாள். கோகிலாம்பாள் ரிசீவரை வைத்துவிட்டு மையத்துக்குத் திரும்பி வருகிறாள். அழவில்லை. பெட்டியின் முன்னால் உட்கார்ந்து, தட்டுக்குப் போய்ச் சேராமல் பக்கத்தில் வைத்திருக்கும் எல்லா பிளாக்குகளையும் இப்போதே கொண்டுபோய்ச் சேர் என்று ஓர் ஆணை இடுகிறாள். கை ஓடி ஓடி எழுதி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறாள். எழுதியபோது எனக்கே கண் கலங்கியது. மறுநாள் படித்தால், அவள் அப்பாவுக்காகச் செய்தது மாதிரி இல்லை, எனக்காகச் செய்து காட்டியது மாதிரி இருந்தது.

இரண்டாவதில் அவள் வேலையை முடித்து ஊருக்கு வருகிறாள். அப்பாவைத் தேடி நேராகப் பாவடிக்குப் போகிறாள். கஞ்சி போட்டிருக்கிறது. உள்ளே போகக்கூடாது என்று ஓரத்திலேயே நிற்கிறாள். அவளைப் பார்த்ததும் எல்லாத் தலையும் குனிகிறது. அந்த ஓரத்தில் யார் நிற்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். தான் ஏன் அங்கே நிற்கிறோம் என்று யோசிக்கத் தொடங்குகிறாள், அப்போது—

முடிக்க முடியவில்லை. ஓர் ஊரே சேர்ந்து ஒரு பெண்ணை அப்படி நிற்க வைக்காது. பஞ்சம்மாள் பிரஷ்ஷைப் போட்டுவிட்டு ஓடி வந்திருப்பாள்.

மூன்றாவதில் நான் இரண்டு குரல்களையும் பிரித்துவிட்டேன். ஆஸ்பத்திரிக்காரரின் மனைவி தன் பாவைச் சுற்றி எடுத்துவிட்டு மத்தியானமே வந்து சேர்ந்தாள். ரயில் பெண்மணியின் அப்பா வேறு எங்கேயோ பேரன் பேத்திகளைக் கொஞ்சிவிட்டு நிதானமாகப் போய்ச் சேர்ந்தார். யாருக்கும் எந்த வஞ்சனையும் இல்லை. இதுதான் நடந்திருக்கும். காகிதத்தை மடித்து வைத்துவிடலாம் என்றிருந்தேன்.

தங்கம்மாள் விடவில்லை. "அப்ப நான் போன்ல வாய மூடிக்கிட்டு நின்னேனே, அது?" என்றாள். "அதை எங்க கொண்டுபோயிப் போடுறது? நடக்கலன்னு சொல்லிருவீகளா?"

8

ஆகவே இனி நீங்கள்.

பங்குனி பிறந்துவிட்டது. நூல் வாங்க மதுரைக்குப் போயிருந்தீர்கள். திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உங்களுக்கு. நீங்கள் அந்தத் தெருக்காரர். சௌடப்பனை எடுத்த அன்று நீங்களும் கூடப் போனீர்கள். கோகிலாவிடம் சொல்லக்கூடாது என்று யாரும் உங்களிடம் சொல்லவில்லை, ஆனாலும் தெரியும்.

காரியாபட்டியில் இடம் மாறி, உங்கள் பக்கத்தில் வந்து உட்காருகிறவள் அவள்தான். ரயிலில் வந்த களைப்பு முகத்தில் இருக்கிறது, ஆனால் பேச்சு நிற்கவில்லை.

"நல்லா இருக்கீகளா? நம்ம தெருவுல எல்லாரும் நல்லா இருக்காகளா? அப்பாடா, தெரிஞ்ச முகமாப் பாத்து எத்தனை நாளாச்சு."

நீங்கள் தலையை ஆட்டுகிறீர்கள்.

"முடிச்சுட்டேங்க. டெல்லியிலருந்து வந்து பாத்துட்டுப் போனாக. அவுக முன்னாடியே சுவிட்ச இறக்கச் சொன்னேன். சுப்புராஜுதான் இறக்குனான். மறுபடி ஏத்துனா, போகக்கூடாதது ஒண்ணும் போகல. எல்லாம் அதது எடத்துல இருக்கு. உங்களுக்கு இது புரியாது, விடுங்க. அப்பாவுக்குப் புரியும். ஆகாததை ஆச்சுன்னு சொல்லுவியான்னு கேட்டாகல்ல, இப்பப் போயி, எல்லாத்துக்கும் சொல்ல மாட்டேன்பா, முக்கியமானதுக்குக் காத்திருக்கச் சொல்லிட்டேன்னு சொல்லணும்."

கல்குறிச்சி தாண்டிவிட்டது. கண்டக்டர் பின்பக்கம் சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். இரண்டு பக்கமும் காய்ந்த கரிசல். பருத்திச் செடியைப் பிடுங்கிக் குவித்திருக்கிறார்கள். அவள் கால் மணி நேரமாக உங்களிடம் பேசிக்கொண்டு வருகிறாள், நீங்கள் ஒன்றும் பேசவில்லை என்பது இப்போதுதான் அவளுக்கு உறைக்கிறது.

பஞ்சம்மாள் சொன்னதையும் கேட்டீர்கள். தங்கம்மாள் சொன்னதையும் கேட்டீர்கள். பஸ்ஸில் வைத்துச் சொன்னால் இத்தனை பேர் நடுவில் விழுவாள். சொல்லாமல் விட்டால் தெருமுனையில், தனியாக, சிரித்துக்கொண்டே திரும்புவாள். அவள் பாவைச் சுற்றி எடுத்துவிட்டாள். காத்திருக்க இனிமேல் காரணம் எதுவும் மிச்சமில்லை. அதற்குமேல் என்னால் உங்களுக்கு உதவ முடியாது. நான் தட்டிக்கு இந்தப் பக்கம் ஒரு வாக்கியத்தை மட்டும் கேட்டவள், நீங்கள் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

டவுன் தெரிகிறது. அவள் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, உங்கள் முகத்தை நேராகப் பார்க்கிறாள்.

"அப்பாவப் பாத்தீகளா?" என்கிறாள். "எப்பிடி இருக்காக?"